யீஷிங் கெண்டியின் மூக்கு ஏன் சொட்டுவதில்லை?

சீன மண் கெண்டிகளின் படங்கள் சிலவற்றை அனுப்பி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "தேநீர் ஊற்ற ஒரு பாத்திரம், அவ்வளவுதானே? உருண்டை, சப்பை, முக்கோணம், சதுரம் என்று எதற்கு இத்தனை வடிவம்? இதில் அறிவியல் ஏதாவது உண்டா, வெறும் அலங்காரமா?"

இரண்டும் உண்டு. கெண்டியின் வயிறு எப்படி இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் செய்பவரின் ரசனை. மூக்கில் மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. அங்கே இயற்பியல் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும்.

முதலில் ஊர். சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், தாய்ஹு ஏரிக்கு மேற்கே யீஷிங் இருக்கிறது. அங்குள்ள டிங்ஷு என்ற ஊரைச் சுற்றிக் கிடைக்கும் இரும்புச்சத்து மிகுந்த மண்ணுக்கு 'ஸிஷா' என்று பெயர். ஊதா, சிவப்பு, வெளிர்மஞ்சள் என்று அதில் வகைகள் உண்டு. மேலே பளபளப்புப் பூச்சு எதுவும் பூசாமல், சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். இந்தத் தொழில் தழைத்தது மிங் ஆட்சியில். அதற்கு முன் தேயிலையை வில்லையாக அழுத்தி, பொடித்து, கிண்ணத்தில் அடித்துக் கலக்கிக் குடித்தார்கள். 1391இல் முதல் மிங் பேரரசர், அரண்மனைக்கு வில்லைத் தேயிலை வேண்டாம், உதிரி இலையே போதும் என்று ஆணையிட்டார். இலையை வெந்நீரில் ஊறவைத்து, இலை உள்ளேயே தங்க நீரை மட்டும் வெளியே விடும் பழக்கம் பரவியது. அதற்கென்று ஒரு பாத்திரம் தேவைப்பட்டது.

மண்பாண்டம் என்றதும் நமக்குச் சக்கரம்தான் ஞாபகம் வரும். யீஷிங்கில் வழக்கம் வேறு. மண் கட்டியை மரச் சுத்தியலால் அடித்து, சீரான கனமுள்ள பட்டையாக்குவார்கள். அதை நீளமாக வெட்டி, வளைத்து ஒட்டினால் ஒரு குழாய் கிடைக்கும். ஒரு கை உள்ளே தாங்கிக்கொள்ள, இன்னொரு கை தட்டையான மரக் கரண்டியால் குழாயின் விளிம்பைத் தட்டிக்கொண்டே அதைச் சுற்றும். ஒவ்வொரு தட்டுக்கும் விளிம்பு கொஞ்சம் உள்ளே சாயும். சிறிது நேரத்தில் குழாய்க்குத் தோள் முளைத்துவிடும். அப்புறம் ஒரு மண் வட்டை வைத்து மூடி, கவிழ்த்து, மறுமுனையிலும் அதே வேலை. சதுரக் கெண்டிக்குத் தட்டுவது கிடையாது. பலகைபோல் வெட்டிய துண்டுகளை மூலைக்கு மூலை ஒட்டவேண்டும். சுடும்போது மண் சுருங்குவதால் அந்த மூலைகளில்தான் கோணல் வரும். அனுபவசாலிகள் சதுரத்தைக் கண்டு அஞ்சுவது அதனால்தான்.

வடிவங்களை மரபாக நான்கு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள்: உருண்டை, சதுரம், பூசணிக்காய்போல் வரி வரியாகப் பிளந்தது, மரக்கிளை பழம் போன்ற இயற்கை உருவங்கள். இவற்றுக்குள் பெயர்பெற்ற உருவங்கள் பல. 'ஷீ ஷி' என்பது பழங்கால அழகி ஒருத்தியின் பெயர். குண்டான வயிறு, குட்டையான மூக்கு, வயிற்றின் வளைவோடு கலந்துவிடும் மூடி. 'ஷிபியாவ்' பக்கத்திலிருந்து பார்த்தால் நுனி வெட்டிய முக்கோணம், அடியில் மூன்று சிறு கால்கள், மூடியின்மேல் குட்டிப் பாலம் போன்ற பிடி. அடி அகலம் என்பதால் ஈர்ப்பு மையம் தாழ்வாக இருக்கும், எளிதில் சாயாது. 'ஷுவெய்பிங்' சிறிய உருண்டை. வெந்நீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் மூக்குப் பக்கமும் கைப்பிடிப் பக்கமும் சாயாமல் மட்டமாக நிற்க வேண்டும், பெயரே அதற்காக வந்ததுதான். 'ஜிங்லான்' கல் கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் செய்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் சென் மான்ஷெங், 1768இல் பிறந்து 1822இல் மறைந்தவர். பக்கத்து லியாங் வட்டாரத்தில் அதிகாரியாக இருந்தவர். அவர் வடிவங்களை வரைந்து தர, யாங் பெங்நியன் என்ற குயவர் மண்ணில் செய்தார்.

சரி, இயற்பியலுக்கு வருவோம். மூடியைக் கழற்றிவிட்டுக் கெண்டியை மேசையில் கவிழ்த்தால் மூக்கின் நுனி, வாயின் விளிம்பு, கைப்பிடியின் உச்சி மூன்றும் மேசையைத் தொடவேண்டும் என்பது ஒரு பழைய சோதனை. கைப்பிடி தொடுவது அழகுக்கு. மூக்கு தொடுவது அவசியத்துக்கு: இணைந்த கலங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்பதால், மூக்கு தாழ்ந்திருந்தால் கெண்டி நிறைவதற்குள் அது வழியாக நீர் கொட்டிவிடும். மூடியில் ஒரு துளை இருக்கிறதே, அது காற்று உள்ளே வர. விரலால் அடைத்தால் ஊற்றுவது நின்றுவிடும். இவையெல்லாம் எட்டாம் வகுப்புப் பாடம்.

எனக்குப் பிடித்த விஷயம் கடைசிச் சொட்டு. ஊற்றி நிறுத்தும்போது கொஞ்சம் தேநீர் மூக்கின் அடிப்பக்கமாகத் திரும்பி, வயிற்றில் வழிந்து, மேசைத் துணியை நனைக்கும். எவர்சில்வர் டம்ளரிலிருந்து மெதுவாகப் பால் ஊற்றினாலும் இதே கதைதான். இதற்குக் 'கெண்டி விளைவு' என்று 1956இல் பெயர் வைத்தவர் மார்கஸ் ரைனர் என்ற விஞ்ஞானி. யாரைக் கேட்டாலும் "பரப்பு இழுவிசை, நீர் ஒட்டிக்கொள்கிறது" என்பார்கள். அடுத்த ஆண்டே ஜோசப் கெல்லர் என்ற கணிதவியலாளர், முக்கியக் காரணம் அதுவல்ல என்றார்.

அவர் வாதம் இப்படிப் போகிறது. விளிம்பைத் தாண்டும் தேநீர் நேராகப் போகவே விரும்பும், அது நிலைமம். அது வளைந்து அடிப்பக்கம் திரும்ப வேண்டுமானால் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். அந்த விசையைத் தருவது யார்? வளையும் நீர்ப்படலத்தின் வெளிப்பக்கத்தில் வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. உள்பக்கத்தில், விளிம்பை ஒட்டி நீர் வேகமாக ஓடும் இடத்தில், அழுத்தம் அதைவிடக் குறைவு. ஆக, மண் தேநீரை இழுக்கவில்லை. காற்றுதான் அதை மண்மீது அழுத்திப் பிடிக்கிறது! குழாயில் விழும் தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு கரண்டியின் முதுகைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நீர் கரண்டியோடு வளையும், கரண்டியும் நீருக்குள் இழுபடும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2010இல் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள், நீர் ஒட்டவே ஒட்டாத பரப்பில் இந்த வழிதல் மறைந்துபோவதைக் காட்டினார்கள். அப்படியானால் ஈரமாவதற்கும் பங்கு உண்டு. 2021இல் வியன்னாவின் பெர்ன்ஹார்ட் ஷைக்லும் சகாக்களும் இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். ஊற்றும்போது விளிம்பின் அடியில் எப்போதும் ஒரு சின்னத் துளி தொங்கிக்கொண்டிருக்கிறது. வேகமாக ஊற்றினால் துளி சிறியது, ஓட்டம் அதைப் பொருட்படுத்தாமல் பாய்ந்துவிடும். வேகம் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும் துளி பருத்து, முழு ஓட்டத்தையும் விளிம்பைச் சுற்றித் தன் பக்கம் திருப்பிவிடுகிறது. புவியீர்ப்புக்கு இதில் வேலை குறைவு. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. நிலாவில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினாலும் சொட்டத்தான் செய்யும்.

இப்போது யீஷிங் மூக்கைப் பாருங்கள். அடி அகலம், நுனி குறுகல்: அதே அளவு நீர் குறுகிய வாயில் வேகமாகத்தான் போகவேண்டும். நுனியின் கீழ்விளிம்பு மெல்லியது, கூர்மையானது: துளிக்கு உட்கார இடமில்லை, நீர் திரும்ப வேண்டுமானால் மிகக் கூர்மையாகத் திரும்பியாக வேண்டும். ஷிபியாவின் மூக்குபோல் நேராக மேல்நோக்கி நின்றால், கெண்டியை நிமிர்த்தியதும் உள்ளே நிற்கும் நீர் சட்டென்று பின்வாங்கும். இது முக்கியம். சொட்டுவது பெரும்பாலும் நிறுத்தும்போதுதான், அந்த மந்தமான கணம் எவ்வளவு சுருங்குகிறதோ அவ்வளவு நல்லது. மூடித் துளை அடைத்துக்கொண்டாலோ, மூக்கு வயிற்றோடு சேரும் இடத்திலுள்ள வடிதுளைகளில் இலை சிக்கினாலோ வேகம் குறையும், நல்ல கெண்டியும் சொட்டும். சமன்பாடு எதுவும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக மேசைத் துணியைப் பார்த்தே இதையெல்லாம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கெல்லருக்கும் அவருடைய சகா வாண்டன்-ப்ரூக்குக்கும் இதற்காக 1999இல் கிடைத்தது இக்நோபல், சிரிக்கவைக்கும் ஆராய்ச்சிக்கான பரிசு. சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஒரு திரவம் விளிம்பை எப்போது விட்டுப் பிரியும் என்பது காகிதத்திலும் படலத்திலும் மெல்லிய பூச்சுப் பூசும் இயந்திரங்களுக்கும் வாழ்வா சாவா கேள்வி. நம் ஊரில் "கெண்டி ஏன் சொட்டுகிறது" என்று எழுதி ஆய்வு நிதி கேட்டால் கோப்பு முதல் மேசையைத் தாண்டாது என்பது என் எண்ணம்.

மறுபக்கம், காசு தாராளமாகப் புரளும் இடம் வேறு. கு ஜிங்ஜோவ் என்ற இருபதாம் நூற்றாண்டு யீஷிங் குயவர் செய்த ஒரு ஷிபியாவ் 2010இல் பெய்ஜிங் ஏலத்தில் 1.2 கோடி யுவானுக்கு மேல் போனது. அது கலைக்குக் கொடுத்த விலை, இருக்கட்டும். "இந்த மண் மூச்சு விடும், நோயைப் போக்கும், வெந்நீர் ஊற்றினாலே தேநீர் வரும்" என்று சொல்லி விற்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். பூச்சில்லாத மண்ணில் நுண்துளைகள் உண்டு, தேநீரின் மணமும் நிறமும் அதில் ஏறும், வருடக்கணக்கில் துடைத்தால் மேற்பரப்பு மின்னும். அவ்வளவுதான். நோய்க்கு மருத்துவரைப் பாருங்கள்.

கெண்டி வாங்கப் போகும் வாசகருக்கு: கடையில் தண்ணீர் கேளுங்கள். நிரப்பி, ஊற்றி, பாதியில் சட்டென்று நிமிர்த்துங்கள். அப்புறம் மூக்கின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள், ஈரமாக இருந்தால் அடுத்ததை எடுங்கள். தண்ணீர் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.