"அதெல்லாம் மறந்தாச்சு" என்று சொல்லும் பெற்றோருக்கு

"என் மகள் எதையும் என்னிடம் சொல்வதில்லை. நான் என்ன குறை வைத்தேன்?" இந்தக் கேள்வியோடு இந்த வாரமும் ஒரு தாய் ஆலோசனைக்கு வந்தார். மகளுக்கு முப்பது தாண்டிவிட்டது. தினமும் போனில் பேசுகிறார்கள். ஆனால் மகளுக்குக் கரு கலைந்த செய்தி, உறவினர் சொல்லித்தான் தாய்க்குத் தெரிந்திருக்கிறது. தாயின் சிறுவயதைப் பற்றிக் கேட்டேன். "அப்பா குடிச்சிட்டு அடிப்பார். அதெல்லாம் மறந்தாச்சு, இப்ப எதுக்கு?" என்றார்.

இந்த "மறந்தாச்சு" எனக்கு அலுத்துவிட்டது. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் எதையும் மறக்கவில்லை. அதைப் பேசாமல் இருக்கப் பழகியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அழுதால் இன்னும் இரண்டு அடி விழும் வீட்டில், அழாத குழந்தைதான் தப்பிக்கும். அந்தக் குழந்தை வளர்ந்து தாயாகும்போது, தன் பிள்ளையின் அழுகையைத் தாங்க முடியாமல் "இதுக்குப் போய் அழலாமா?" என்று உடனே அடக்குகிறது. அம்மாவிடம் நல்ல செய்தியை மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளை சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறது. முப்பது வயதிலும் அதைத்தான் செய்கிறது. பாசத்தில் குறையே இல்லை.

மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவினர் 1998-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், பங்கேற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறுவயதுக் கொடுமைகளில் ஒன்றையாவது அனுபவித்திருந்தார்கள். (அந்த ஆய்வின் கேள்விகளை இணையத்தில் நிரப்பி, மதிப்பெண்ணோடு வந்து பயப்படாதீர்கள். பெருந்திரளான மக்களை ஆராய உருவான கேள்விகள் அவை. தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்லாது.)

அடிபட்ட எல்லோரும் பிள்ளைகளிடமிருந்து விலகிப்போவதும் இல்லை. பெற்றோரிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டு, உளவியலாளர் மேரி மெய்ன் 1980-களில் தொடங்கிய பேட்டி ஆய்வுகளில் தெரியவந்தது இது: நடந்ததை மழுப்பாமல், அதிலேயே மூழ்கியும் போகாமல் கோர்வையாகச் சொல்ல முடிந்த பெற்றோரிடம் குழந்தைகள் பெரும்பாலும் பாதுகாப்பாக உணர்ந்தார்கள்.

அதற்காக இன்றிரவே மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். அவன் உங்கள் மருத்துவர் இல்லை. "நான் வளர்ந்த வீட்டில் அழவே விடமாட்டார்கள். அதனால்தான் நீ அழும்போது உன்னை அதட்டினேன், அது தப்பு" என்றால் போதும். "ஆனால் உனக்காக நான் எவ்வளவு..." என்று தொடராதீர்கள். கெட்ட கனவு, காரணமில்லாத பதற்றம், திடீர்க் கோபம் இருந்தால் உளவியல் நிபுணரைப் பாருங்கள். அறுபது வயதிலும் சிகிச்சை பலன் தரும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் ஒன்று. அம்மாவின் கதை தெரிந்துவிட்டது என்பதற்காக, இன்றைக்கும் தொடரும் வசவையோ அடியையோ நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விலகி இருக்க வேண்டுமென்றால் இருங்கள். பேச முடிகிறவர்கள், விசாரணை செய்யாமல் "உன் வயசுல யார்கிட்டம்மா மனசு விட்டுப் பேசுவ?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.