நிறவெறி எச்சிலில் தெரியுமா?

"நிறவெறி மனதைப் புண்படுத்தும், சரி. அது உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் உண்டா?" அமெரிக்கக் கறுப்பினச் சிறார்களின் தற்கொலை பற்றிய செய்தியைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நேரடியாக 'ஆம்' என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாத கேள்வி. அதனாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

முதலில் எண்கள். கறுப்பினத்தவரிடையே தற்கொலை குறைவு என்றுதான் அமெரிக்க மருத்துவ உலகம் வெகுகாலம் நம்பிவந்தது. ஜெஃப்ரி பிரிட்ஜ் என்ற ஆய்வாளரின் குழு 2001 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்து 2018-இல் வெளியிட்டது. 13 முதல் 17 வயதுக்குள் கறுப்பினத்தவரின் விகிதம் வெள்ளையரைவிடப் பாதிதான். ஆனால் 5 முதல் 12 வயதுக்குள் அது வெள்ளையரைப் போல இரு மடங்கு. அந்த வயதில் தற்கொலை மிக மிக அரிது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும், இந்த இரு பிரிவினரையும் சேர்த்துச் சராசரி எடுத்ததில் சின்னக் குழந்தைகள் காணாமல் போயிருந்தார்கள். அடுத்த ஆண்டு மைக்கேல் லிண்ட்சியின் குழு பள்ளி மாணவர் கணக்கெடுப்புகளை ஆராய்ந்தது. தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்ன கறுப்பின மாணவர்களின் விகிதம் 1991-க்கும் 2017-க்கும் இடையே 73 சதவீதம் ஏறியிருந்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் மரபணு மாறிவிடாது. மாறியது வேறு ஏதோ.

அந்த 'வேறு ஏதோ' என்று இனவெறியை மட்டும் காட்டினால் அது அவசரம். வறுமை, வன்முறை, மருத்துவ வசதி இல்லாமை எல்லாம் வரிசையில் நிற்கின்றன. ஆனால் இனவெறியைத் தனியாக அளக்க முடியும். டெவின் இங்கிலீஷ் என்ற ஆய்வாளர் வாஷிங்டன் நகரில் 101 கறுப்பினப் பதின்வயதினரிடம் இரண்டு வாரம் தினமும் கேள்வித்தாள் நிரப்பச் சொன்னார். ஒருவர் சராசரியாக நாளொன்றுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட பாகுபாட்டு அனுபவங்களைக் குறித்திருந்தார். பெரும்பாலானவை இணையத்தில். தன்னைக் குறிவைத்ததும் உண்டு, தன் இனத்தைக் கேலி செய்து யாரோ போட்ட பதிவைப் பார்க்க நேர்ந்ததும் உண்டு. இவை கூடக்கூட அடுத்தடுத்த நாட்களில் மனச்சோர்வு அறிகுறிகளும் கூடின.

சரி, கண்ணால் படித்த ஒரு வரி உடம்புக்குள் என்ன செய்கிறது? கார்டிசால் என்ற ஹார்மோனுக்கு வருவோம். எனக்கு இதைப் பற்றி எழுதச் சலிப்பதே இல்லை.

ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அதற்குள் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்பும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு அனுப்பும், கார்டிசால் ரத்தத்தில் கலக்கும். இதெல்லாம் பள்ளிப்பாடம். அழகு அதற்கு அப்புறம்தான். ரத்தத்தில் கலந்த கார்டிசால் மூளைக்கே திரும்பிப் போய், ஹைப்போதலாமஸிலும், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகேம்பஸிலும் உள்ள ஏற்பிகளில் (ஹார்மோனின் செய்தியை வாங்கும் மூலக்கூறுகளில்) ஒட்டி, தன் உற்பத்தியைத் தானே நிறுத்தச் சொல்கிறது. ஃப்ரிட்ஜில் குளிர் போதுமானதும் கம்ப்ரசர் தானாக நிற்கிறதே, அதே ஏற்பாடு.

ஆபத்தே இல்லாத நாளிலும் கார்டிசாலுக்கு ஒரு தாளம் உண்டு. கண்விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது சட்டென்று மேலேறும். நாளைச் சந்திக்க உடம்பு கச்சை கட்டுகிற நேரம் அது. பிறகு மெல்ல இறங்கி நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்தைத் தொடும். இதை அறிய ஊசிகூட வேண்டாம். ஒரு நாளில் சில முறை சின்னக் குழாயில் எச்சில் எடுத்துக் கொடுத்தால் அந்த நாளின் கோடு வரைந்துவிடலாம். ஆரோக்கியமான உடம்பில் அது காலையில் உயர்ந்து இரவு நோக்கி நன்றாகச் சரியும்.

எம்மா ஆடமும் அவருடைய குழுவினரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு மேரிலாந்தில் சுமார் 20 ஆண்டுகள் பின்தொடரப்பட்டவர்களைப் பற்றியது. பன்னிரண்டு வயது வாக்கிலிருந்தே 'உன்னை இனத்தின் பேரால் யாரும் மோசமாக நடத்தினார்களா' என்று அவர்களிடம் கேட்டுவந்திருந்தார்கள். முப்பதைத் தாண்டியபின் எச்சில் சேகரித்தார்கள். அதிகப் பாகுபாட்டைச் சந்தித்த கறுப்பினத்தவரின் கோடு தட்டையாக இருந்தது. அதிலும் பதின்வயதில் பட்டதுதான் மற்ற வயதுகளைவிட அழுத்தமாகத் தடம் பதித்திருந்தது.

ஏன் தட்டையாகிறது? அடி விழுந்தால்தான் என்று இல்லை, விழுமோ என்று எதிர்பார்த்தாலே இந்த அமைப்பு இயங்கத் தொடங்கிவிடும். கடைக்குள் நுழையும்போதே காவலாளி பின்னால் வருவாரோ என்று யோசிக்கிற பிள்ளைக்கு, அவர் வராத நாளிலும் மணி அடித்தாகிவிட்டது. அடிக்கடி இப்படி நடந்தால் 'போதும்' என்ற செய்தியை வாங்கும் ஏற்பிகள் மந்தமாகின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தூக்கம் கெடுகிறது. தட்டையான கோடு மனச்சோர்வு உட்படப் பல நோய்களோடு சேர்ந்து காணப்படுகிறது.

கார்டிசாலிலிருந்து தற்கொலைக்கு நேராகக் கோடு போட முடியாது. நடுவே பல படிகள். அவற்றில் எனக்குக் கோபமூட்டுவது ஒன்று: பிள்ளைகளின் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வருவதில்லை, எரிச்சலாகவும் சண்டையாகவும் தலைவலியாகவும் வரும். கறுப்பினப் பையன் எரிந்துவிழுந்தால் அவனை ஆலோசகரிடம் அனுப்பாமல் ஒழுங்கு நடவடிக்கைக்கு அனுப்பும் பள்ளிகள் அங்கே ஏராளம்.

இதையெல்லாம் ஆராயப் பணம் வேண்டும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களிடம் நிதி கேட்டு விண்ணப்பிக்கும் கறுப்பின விஞ்ஞானிகளுக்கு, கல்வி, அனுபவம் எல்லாம் ஒத்திருந்தும், கிடைக்கும் வாய்ப்பு 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று 2011-இல் தெரியவந்தது. 2019-இல் இன்னொரு ஆய்வு, அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தேர்வால் வருகிறது என்றது. மக்களோடு சேர்ந்து செய்கிற, சமூக நலன் சார்ந்த தலைப்புகளுக்கு எல்லோருக்குமே நிதி கிடைப்பது கடினம். கறுப்பின விஞ்ஞானிகள் அவற்றையே அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். செல்லுக்குள் நடப்பதை ஆராய்ந்தால்தான் அறிவியல், தெருவில் நடப்பதை ஆராய்ந்தால் சமூகசேவை என்கிற இந்த மனப்பான்மை மூடநம்பிக்கைதான் என்பேன்.

இன்னொரு மூடநம்பிக்கை, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று பிள்ளையிடம் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது. நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,300-க்கும் அதிகமான மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2005-இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களின் மனவேதனை கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக்கூடக் கேள்வியால் கெடுதல் வரவில்லை. மருத்துவமனைக்கு எதற்காக வந்தாலும் பிள்ளையிடம் கேட்பதற்கென்றே நான்கே கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்று இருக்கிறது. கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

அமெரிக்காவில் இருப்பவர்கள் உதவிக்கு 988 என்ற எண்ணை அழைக்கலாம். தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதற்கும் 14416.