வெல்டருக்குக் கல்நார் நோய் வந்தால்: அமெரிக்காவில் இழப்பீடு யாரிடம் கேட்பது?

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) நோய் என்றால் அதைக் குழாய்களில் பூசியவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வெல்டரை யாரும் யோசிப்பதில்லை. ஆனால் தீப்பொறி விழாமலிருக்க அவர் விரித்த போர்வை, மாட்டிய கையுறை, சில வெல்டிங் ராடுகளின் மேல்பூச்சு ஆகியவற்றில்கூட அந்தக் காலத்தில் கல்நார் இருந்தது. பாய்லர் குழாயைப் பற்றவைக்க வேண்டுமானால் மேலே சுற்றிய கல்நார் உறையை முதலில் உடைத்தெடுக்க வேண்டும். கப்பலின் இயந்திர அறையில் அந்தத் தூசி வேறெங்கே போகும்? அந்தத் தூசியால் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் தெரியவரப் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் ஆகும்.

முதலாளிமேல் வழக்குப் போடலாமே என்று தோன்றும். பொதுவாக முடியாது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி கிடைக்கும் தொகையோடு அவர் பொறுப்பு முடிந்துவிடும். பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கு அந்தக் கவசம் கிடையாது. ஆபத்தை எச்சரிக்காமல் விற்ற தயாரிப்பாளர்களே பொறுப்பு என்று 1973-இல் போரெல் என்ற தொழிலாளி தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பம்ப், டர்பைன் செய்தவர்கள் 'கல்நாரை நாங்கள் சேர்க்கவில்லையே' என்று வாதாடிப் பார்த்தார்கள். அந்த இயந்திரம் ஓடக் கல்நார் பாகம் தேவை, அதன் ஆபத்தும் தெரியும், பயன்படுத்துபவருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கக் காரணமும் இல்லை என்றால் எச்சரித்திருக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடல்சார் வழக்குகளுக்கான தீர்ப்புதான், ஆனாலும் கப்பல் வெல்டர்களுக்குப் பெரிய விஷயம்.

நிறுவனம் திவாலாகியிருந்தால்? கல்நார் பொருள்கள் தயாரித்த ஜான்ஸ்-மேன்வில் நிறுவனம் 1982-இல் திவால் மனு கொடுத்தபின், நோயாளிகளுக்கு இழப்பீடு தர அறக்கட்டளை நிதி ஒன்று உருவானது. அந்த வழியை 1994-இல் சட்டமாகவே ஆக்கினார்கள். இந்த நிதிகளிடம் நீதிமன்றம் போகாமலே விண்ணப்பிக்கலாம். ஆனால் நிர்ணயித்த தொகையில் ஒரு பங்குதான் கையில் வரும். நாளை வரப்போகும் நோயாளிகளுக்கும் பணம் மிஞ்ச வேண்டுமே.

காலக்கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சிலவற்றில் ஒரே ஆண்டுதான். பொதுவாக வேலை பார்த்த நாளிலிருந்து அல்ல, நோய் தெரியவந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். இறந்தவரின் குடும்பத்துக்குத் தனிக் கெடு உண்டு.

பெரும்பாலும் சிக்கல் வருவது ஆதாரத்தில்தான். மருத்துவ அறிக்கை எப்படியும் கிடைத்துவிடும், 1968-இல் எந்தக் கம்பெனி ராடு பிடித்தோம் என்பதுதான் நினைவில் நிற்காது. தொழிற்சங்கப் பதிவு, சமூகப் பாதுகாப்பு (அரசின் ஓய்வூதியத் திட்டம்) வருமானப் பதிவு, கூட வேலை பார்த்தவரின் சாட்சியம் எல்லாம் உதவும். அப்புறம், நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அவருடைய வாக்குமூலத்தைப் பதிவுசெய்ய வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.