நுரைக்காத தண்ணீரும் முப்பது விநாடியும்

வலையை உதறும்போது திருக்கை முள் பாதத்தில் ஏறி, பாம்பன் பக்கத்து மீனவர் ஒருவர் வார்டில் வந்து படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டு மாற்ற வரும் செவிலியர் கை கழுவி, கையுறை போட்டுத்தான் வருகிறார். வந்ததும் திரைச்சீலையை இழுத்து விடுகிறார். கட்டில் கம்பியைப் பிடித்து நகர்த்துகிறார். மூக்கிலிருந்து நழுவிய முகக்கவசத்தை ஏற்றிக்கொள்கிறார். அடுத்த நொடி அதே விரல்கள் பஞ்சை எடுக்கின்றன.

வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் அந்தப் புண்ணில் ஏற்கெனவே இருக்கலாம். இப்போது வார்டிலேயே ஊறி, மருந்துக்கு மசியாமல் வளர்ந்த கிருமியும் கம்பியிலிருந்து அங்கே போய்ச் சேர்கிறது.

அந்தச் செவிலியருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலில் உள்ள ஐந்து தருணங்களையும் கேட்டால் சொல்வார்: நோயாளியைத் தொடும் முன், கிருமி புகக் கூடாத வேலைக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்ட பின். ஆனால் நடப்பில் 'பின்' வரும் இடங்களில் கழுவுகிற அளவுக்கு 'முன்' வரும் இடங்களில் யாரும் கழுவுவதில்லை. ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான். கையில் சீழ் பட்டால் அருவருப்பே நம்மைக் குழாயடிக்கு இழுத்துப்போகும். சுத்தமாகத் தெரிகிற கையை எது இழுக்கும்?

நம் கடற்கரையில் தண்ணீரும் ஒத்துழைப்பதில்லை. பல ஊர்களில் கிணறானாலும் போரானாலும் உவர்நீர்தான். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெய்ப்பசையைப் பற்றும், மறுமுனை தண்ணீரைப் பற்றும். அழுக்கோடு கிருமியும் பெயர்ந்து வழிந்துபோகும். இந்த உவர்நீர் பெரும்பாலும் கடினநீர்; அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முந்திக்கொண்டு சோப்பைப் பிடித்து, வெள்ளைத் திப்பியாக்கிவிடுகின்றன. நுரை வராது, பிசுபிசுப்பு போகாது. பத்துப் படுக்கைக்கு இப்படிக் கழுவிப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் சலிப்பு வருகிறதென்று தெரியும்.

அதனால்தான் கட்டில் ஓரத்தில் தொங்கும் சானிடைசர் புட்டியை நான் அவ்வளவு மதிக்கிறேன். அது தண்ணீர் கேட்பதில்லை. ஆல்கஹால் கிருமியின் கொழுப்புச் சவ்வைச் சிதைத்து, புரதங்களின் மடிப்பைக் குலைக்கிறது. கொதிநீரில் முட்டை வெள்ளைக்கு நேர்வது போலத்தான். புரதம் அப்படிக் குலையக் கொஞ்சம் நீரும் வேண்டும். ஆகவே சுத்த ஆல்கஹாலைவிட 60 முதல் 80 விழுக்காடு உள்ள கலவையே நன்றாகக் கொல்லும்.

குழிந்த உள்ளங்கை நிறைய எடுத்து, 20 முதல் 30 விநாடி, காயும் வரை தேய்க்க வேண்டும். பெரும்பாலும் விடுபடுவது கட்டைவிரலும் விரல் நுனிகளும். முள்ளைப் பிடுங்குவதும் ஊசியைப் பிடிப்பதும் அவைதானே! மோதிரத்தின் அடியிலும் கிருமி பத்திரமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு என்றாலோ, குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியால் வந்த பேதி என்றாலோ ஆல்கஹால் போதாது. அந்தக் கிருமியின் வித்துகள் ஆல்கஹாலில் சாகாது. சோப்பு போட்டுக் கழுவித்தான் அகற்ற வேண்டும்.

மீனவரின் கட்டிலுக்கே திரும்புவோம். திரைச்சீலை, கம்பி, முகக்கவசம் எல்லாம் முதலில். பிறகு சானிடைசர். அது காய்ந்ததும் கையுறை. கையுறை போட்ட விரல்கள் வேறெதையும் தொடாமல் நேரே பஞ்சுக்கு.