எந்த மோதலுக்கு அந்த ஐந்து நட்சத்திரம்?

“அஞ்சு ஸ்டார் வண்டின்னுதானே சார் வாங்கிக் கொடுத்தேன். ஏர்பேக்கே வெளிய வரலையே. கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா?”

சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கக் கொட்டகையில் வைத்து ஒரு அப்பா என்னிடம் இப்படிக் கேட்டார். நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்டு வரும் வண்டியைப் பார்த்து, என்ன சேதம், எவ்வளவு செலவாகும், சரிசெய்யலாமா, டோட்டல் லாஸா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. அவருடைய மகன் ஓட்டி வந்த கார், தொப்பூர் கணவாய் தாண்டி, இருட்டில் ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் போய்ச் சொருகியிருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். தலையில் பலத்த அடி, இரண்டு மாதம் ஆஸ்பத்திரி.

அவரை வண்டிக்கு முன்னால் கூட்டிப்போய்க் காட்டினேன். பம்பருக்குப் பின்னால், எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் உண்டு. நேருக்கு நேர் மோதும்போது மடிந்து நசுங்கி, அடியின் வேகத்தைத் தாங்களே வாங்கிக்கொள்வதற்காக வைத்தவை. அந்த வண்டியில் அவை இரண்டும் ஏறக்குறைய நேராகவே இருந்தன. ஆனால் பானெட் சுருண்டு, முன்கண்ணாடி இல்லாமல் போய், கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூண் சீட்டுப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. லாரியின் சேசிஸ், காரின் அந்தச் சட்டங்களுக்கு மேலே இருக்கிறது. நசுங்க வேண்டியவை லாரிக்கு அடியில் நுழைந்துவிட்டன. அடியை வாங்கியது கண்ணாடியும் தூணும்.

ஏர்பேக் விரிவதும் விரியாததும், வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று விழுகிறது என்பதைப் பொறுத்தது. இப்படி அடியில் சொருகும்போது வேகம் இழுபட்டுக் குறையும். ஏர்பேக் தாமதமாக விரியலாம், விரியாமலே போகலாம்.

யாரும் ஏமாற்றவில்லை என்று அவரிடம் சொன்னேன். அந்த ஐந்து நட்சத்திரம் உண்மையானதுதான். அது வேறு விதமான மோதலுக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

சரி, அது எந்த மோதல்? கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் நம் அரசின் திட்டம் பாரத் என்கேப். அதன் சோதனையில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரை இழுத்துக்கொண்டு போய் ஒரு தடுப்பில் மோத விடுகிறார்கள். தடுப்பின் முகப்பில் தேன்கூடு போன்ற அலுமினியம், எதிரே வரும் காரைப் போல நசுங்கிக் கொடுப்பதற்காக. காரின் முகப்பில் 40 சதவீதம் மட்டும், டிரைவர் பக்கமாக, அதில் படும். ஏறக்குறைய அதே எடையுள்ள இன்னொரு கார் எதிரே வந்து பாதி முகத்தில் மோதினால் என்ன ஆகுமோ, அதுதான் இது. அப்புறம் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தள்ளுவண்டி பக்கவாட்டில் வந்து இடிக்கும். 29 கிலோமீட்டர் வேகத்தில் காரைப் பக்கவாட்டாகக் கம்பத்தில் மோதவிடும் சோதனையும் உண்டு. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49. முதலாவதில் 27, இரண்டாவதில் 41 எடுத்தால் ஐந்து நட்சத்திரம். அதாவது 27 வாங்கிய வண்டிக்கும் 32 வாங்கிய வண்டிக்கும் ஷோரூம் விளம்பரத்தில் அதே ஐந்து நட்சத்திரம்தான். எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நட்சத்திரமே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு வண்டி சோதனையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதற்கும், ரோட்டில் ஆட்கள் பிழைப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமைப்பு, உண்மையான விபத்துகளோடு தன் சோதனை முடிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முன்மோதல் சோதனையில் ‘நன்று’ வாங்கிய காரின் டிரைவர் முன்மோதலில் இறக்கும் வாய்ப்பு, ‘மோசம்’ வாங்கிய காரின் டிரைவரைவிட 46 சதவீதம் குறைவு. டிரைவர் பக்கமாக வந்து இடிக்கும் விபத்தில் இந்த வித்தியாசம் 70 சதவீதம். இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் என்ன நடந்தது என்பதை நானே ஒர்க்‌ஷாப்புகளில் பார்த்தேன். 2014-ல் குளோபல் என்கேப் என்ற பன்னாட்டு அமைப்பு இங்கே விற்கும் சின்னக் கார்கள் ஐந்தை மோதிப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத அந்த பேஸ் மாடல்கள் ஐந்துமே பூஜ்ஜியம். 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியக் கார் ஒன்று அதை வாங்கியது அதுதான் முதல் தடவை. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் டேஷ்போர்டு மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி நசுங்கிய வண்டிகளையே நிறையப் பார்ப்பேன். இப்போது முகப்பு முழுக்கப் போயிருக்கும், ஆனால் நான்கு கதவும் கையால் திறக்கும். கதவு திறக்கிறதா என்று முதலில் இழுத்துப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. திறந்தால், ஆட்கள் உட்காரும் கூண்டு உருமாறவில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னும் பலர் பானெட்டைத் தட்டிப் பார்த்து, “தகடு கனமா இருக்கு, கெட்டியான வண்டி” என்கிறார்கள். தட்டிப் பார்க்கும் தகடு வெறும் தோல். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் கூண்டு. நசுங்க வேண்டிய இடம் நசுங்குவதைப் பார்த்து மட்டமான வண்டி என்று நினைக்க வேண்டாம்.

நட்சத்திரத்தைப் படிக்கும்போது முதலில் வருடத்தைப் பாருங்கள். ஃபியட் புன்டோ 2005-ல் ஐரோப்பாவின் யூரோ என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. விற்பனையில் இருந்த அதே வண்டியை 2017-ல் மறுபடி சோதித்தார்கள். பூஜ்ஜியம். வண்டி மாறவில்லை, கேள்வித்தாள் மாறிவிட்டது. குளோபல் என்கேப்பும் 2022 ஜூலையில் விதிகளைக் கடுமையாக்கியது. அதற்கு முன் நட்சத்திரத்தை ஏறக்குறைய முழுவதும் தீர்மானித்தது முன்மோதல் சோதனைதான். அதன் பிறகு பக்கவாட்டு மோதலும், வண்டி சறுக்காமல் பிடிக்கும் இ.எஸ்.சி.யும் கணக்கில் வந்தன. ஆகவே 2019-ல் வாங்கிய ஐந்தும் 2024-ல் வாங்கிய ஐந்தும் ஒன்றில்லை.

அடுத்தது, யார் கொடுத்த நட்சத்திரம் என்பது. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் 2022-ல் குளோபல் என்கேப்பில் ஐந்து வாங்கியது. 2023-ல் ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் பூஜ்ஜியம் கொடுத்தது. தானாக பிரேக் பிடிக்கும் வசதி, தடம் விலகினால் திருத்தும் வசதி எதுவும் இல்லை என்று ஒரு பகுதியில் மதிப்பெண்ணே விழவில்லை; பெரியவர்கள் பாதுகாப்பிலும் 44 சதவீதம்தான். இரண்டு முடிவுகளுமே சரி. நம் சோதனையைவிட அவர்களுடையது இன்னும் நிறையக் கேட்கிறது.

கம்பெனிகள் சோதனைக்குத் தகுந்தாற்போல் வண்டியைத் தயார் செய்வதும் நடந்திருக்கிறது. ஐ.ஐ.எச்.எஸ். 2012-ல், முகப்பின் 25 சதவீதம் மட்டும் மோதும் சோதனையை டிரைவர் பக்கத்துக்குக் கொண்டுவந்தது. கம்பெனிகள் அந்தப் பக்கத்தைப் பலப்படுத்தின. 2016-ல் அதே கார்களைப் பக்கத்து சீட்டுப் பக்கம் மோதிப் பார்த்தார்கள். டிரைவர் பக்கம் ‘நன்று’ வாங்கிய ஏழு சிறிய எஸ்யூவிகளில் ஒன்றுதான் இந்தப் பக்கமும் தேறியது. டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருவது யார்? பெரும்பாலும் அவருடைய மனைவியோ, அம்மாவோ. படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அதைவிட மோசம் ஜப்பானின் டைஹாட்சு. சோதனைக்குப் போகும் வண்டிகளின் கதவு உள்பாகத்தில் திருத்தம் செய்து அனுப்பியதாக 2023 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது. அதே வருடம் டிசம்பரில் 64 மாடல்களில் முறைகேடு என்று விசாரணையில் தெரிந்து, எல்லா வண்டிகளையும் அனுப்புவதை நிறுத்தியது. அது அரசு அனுமதிக்கான சோதனை, நட்சத்திரத்துக்கானது அல்ல. ஆனாலும் சோதனைக்குரிய வண்டியைக் கம்பெனியே தேர்ந்தெடுத்து அனுப்பக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சோதனை வேகம் 64. நம் நான்குவழிச் சாலையில் யார் 64-ல் போகிறார்கள்? 100-ல் போகும் வண்டி சுமக்கும் ஆற்றல், 64-ல் போவதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அமெரிக்காவில் ஒரே மாதிரியான மூன்று ஹோண்டா சி.ஆர்.வி. கார்களை 64, 80, 90 கிலோமீட்டர் வேகங்களில் மோதிப் பார்த்தார்கள். 64-ல் கூண்டு நன்றாகத் தாங்கியது. 80-ல் டிரைவர் பக்கக் கதவுச் சட்டம் உருமாறியது. 90-ல் டிரைவர் இடமே நசுங்கியது, ஏர்பேக் விரிந்தும், டிரைவருக்குப் பதிலாக உட்கார வைத்த பொம்மையின் தலை அதைத் தாண்டி ஸ்டியரிங்கில் இடித்தது. நல்ல மதிப்பீடு வாங்கிய வண்டிதான் அதுவும்.

கடைசியாக, நான் தினமும் கண்ணால் பார்ப்பது. சோதனையில் பொம்மைகள் எல்லாமே பெல்ட் போட்டிருக்கும். நம் முன்மோதல் சோதனையில் முன் சீட்டில் இரண்டு பெரியவர் பொம்மைகள், பின் சீட்டில் இரண்டு குழந்தைப் பொம்மைகள், அதற்கான இருக்கையில். பின்னால் பெரியவர் யாரும் கிடையாது.

வண்டி என்னிடம் வரும்போது பெல்ட்டை இழுத்துப் பார்ப்பேன். போட்டிருந்தவரின் பெல்ட், நீண்ட நிலையிலேயே இறுகி நிற்கும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. கொக்கி உரசிய இடத்தில் துணி பளபளவென்று தேய்ந்திருக்கும். அந்தப் பையனின் பெல்ட்டில் அந்தத் தடம் இருந்தது. போடாதவரின் பெல்ட் தூணோடு சுருண்டு கிடக்கும். பின் சீட்டில் நான் பார்ப்பது அநேகமாக இந்த இரண்டாவது வகைதான். பல வண்டிகளில் போட நினைத்தாலும் முடியாது. புது வண்டி எடுத்த மறுநாளே சீட் கவர் போட்டு, பின் சீட்டின் பெல்ட் பக்கிள்களை கவருக்கு அடியில் புதைத்துவிடுகிறார்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிக்கும், அது வெளியே வரும் வழியை மறைத்து, அதே கவர். முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டுவதும் இதே வகை; 2017-லேயே மத்திய அரசு தடை சொன்ன பொருள் அது. சோதித்துப் பார்த்த வண்டி வேறு, நாம் மாற்றி வைத்திருக்கும் வண்டி வேறு.

அந்த அப்பா மறுபடி கார் வாங்கும் முன் எனக்குப் போன் செய்தார். எந்த கம்பெனி என்று நான் சொல்லவில்லை. சோதித்த வருடம், எந்த வேரியன்ட், 32-க்கு எத்தனை, 49-க்கு எத்தனை, இந்த நான்கையும் எழுதி வாங்கச் சொன்னேன். டெலிவரி எடுத்த நாள் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார்.

“சார், கவர் கடையில நிக்கிறேன். பின் சீட்டுல பக்கிள் மூணும் உள்ள போயிருச்சு. வெட்டி வெளிய எடுக்கச் சொல்லிட்டேன். கவர் பார்க்க நல்லா இருக்காதுங்கறான் கடைக்காரன். பரவால்ல, வெட்டுப்பான்னுட்டேன்.”