கருவாட்டுத் தொட்டிக்குள் ஒரு மின்நிலையம்

மண்டபம் பக்கம் கருவாடு போடும் இடத்தில் ஒருநாள் காலை நின்று பாருங்கள். முதல்நாள் மாலை மீனையும் கல்லுப்பையும் மாற்றி மாற்றித் தொட்டியில் அடுக்கியிருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார்கள். விடிந்து பார்த்தால் மீன் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். சதைக்குள் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்துவிட்டது.

அந்த இழுப்பில் மின்சாரம் இருக்கிறது. தண்ணீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் சவ்வின் ஒரு பக்கம் கடல்நீரும் மறுபக்கம் சுத்திகரித்த கழிவுநீரும் இருந்தால், நல்ல தண்ணீர் கடல் பக்கம் பாயும். அதைத் தடுத்து நிறுத்த வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 27 மடங்கு வேண்டும். 270 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரின் வலு அது. 214 அடி மேட்டூர் அணையை நான்கு தடவை அடுக்கினால் ஏறக்குறைய அந்த உயரம் வரும். பாய்ந்து பெருகும் நீரை டர்பைனில் விட்டால் மின்சாரம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கனவு பெரிதாகிவிடும். ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் கடலில் கலக்கும்போது காகிதத்தில் வருவது சுமார் 0.7 யூனிட். பம்புக்கும் சவ்வுக்கும் போக, பாதி மிஞ்சினாலே கெட்டிக்காரத்தனம். நார்வே 2009இல் தோஃப்டேயில் ஒரு மாதிரி நிலையம் திறந்தது. சில கிலோவாட்டுக்கு மேல் போகவில்லை. கட்டுப்படியாகாமல் சில வருடங்களில் கைவிட்டார்கள்.

ஜப்பானின் ஃபுகுவோகா வேறு வழியில் போனது. 2025 ஆகஸ்டில் திறந்த அதன் நிலையம், கடல்நீரைக் குடிநீராக்கிய பின் மிஞ்சும் அடர் உப்புநீரோடு சுத்திகரித்த கழிவுநீரைச் சேர்க்கிறது. உப்பு கூடினால் இழுப்பும் கூடும். ஆண்டுக்கு 8.8 லட்சம் யூனிட் எதிர்பார்க்கிறார்கள்.

நம் கரைக்குப் பொருந்துவது இதுதான் என்பது என் கருத்து. குடிதண்ணீருக்காக நரிப்பையூரில் கடல்நீரைக் காய்ச்சாமலே சவ்வில் வடித்துப் பார்த்த இராமநாதபுரம் மாவட்டம் இது. அப்படி வடித்து மிஞ்சும் நீரில் உப்பு கடலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை அப்படியே மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளும் பவளப்பாறைகளும் உள்ள கடலில் கொட்டுவதைவிட, கழிவுநீரோடு கலந்து நீர்க்கச் செய்து விடலாம். மின்சாரம் அதில் கிடைக்கும் கூலி. ஆனால் கண்மாய் வறண்டு கிடக்கும் ஊரில் சுத்திகரித்த நீர் முதலில் தென்னைக்கும் கருவேலங்காட்டைத் திருத்திய நிலத்துக்கும் போகட்டும். எப்படியும் கடலுக்குப் போகிற தண்ணீரைத்தான் நான் கேட்கிறேன்.

தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நிலையத்தில் மணல் வடிகட்டியைத் தவிர்த்துவிட்டு நீரை நேரே சவ்வுக்கு அனுப்பியிருந்தார்கள். உறையைக் கழற்றி விரலால் தொட்டேன்: நறுக்கிய வெண்டைக்காய் போலப் பிசுபிசுப்பு, பழுப்பு நிறம், சாக்கடை நாற்றம். நுண்ணுயிர் அப்பிய அந்தச் சவ்வு ஒரு விளக்கைக்கூட எரிய வைக்காது.

கடற்கரை ஊர் ஒன்றில் இதைப் பேசி முடித்ததும் கவுன்சிலர் ஒருவர் எழுந்தார். "சார், எங்கள் ஊரிலும் கலந்தால் கரண்ட் வருமா?"

"வரும் அண்ணாச்சி. ஆனால் உங்கள் ஊர்ச் சாக்கடை முதலில் குழாய்க்குள் வர வேண்டும். இப்போது மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பின்னால் நேரே கடலில் இறங்குகிறது."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.