பெட்டிக்குள் மூலநிரல் இல்லை

சென்ற மாதம் ஒசாகாவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். மூன்றே பேர் நடத்தும் இடம். நிறுவனருக்கு அறுபதை ஒட்டிய வயது. தொண்ணூறுகளின் இறுதியில் அவர்கள் உருவாக்கிய கணினி கேம் ஒன்றை இன்றைய இயந்திரங்களில் ஓடும்படி மாற்றித் தரவேண்டும். வெளியிட ஆள் தயார், பணமும் தயார். மூலநிரல், அதாவது நிரலாளர்கள் கைப்பட எழுதிய நிரல், எங்கே என்று கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத விற்பனைப் பெட்டி ஒன்றை எடுத்து, இரண்டு கைகளாலும் என் முன்னால் வைத்தார். "எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது" என்றார்.

இந்த ஆண்டில் இது நான்காவது முறை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொத்திப் பொத்திக் காத்த பெட்டியை ஒருவர் நீட்டும்போது, இதில் நீங்கள் தேடுவது இல்லை என்று சொல்வது எனக்கு இன்னும் பழகவில்லை.

பெட்டிக்குள் உள்ள கேம் வட்டில் இருப்பது சமைத்து முடித்த பண்டம். வெந்த இட்லியிலிருந்து அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே அள்ள முடியுமா? நிரலாளர் எழுதிய வரிகளில் பெயர்கள் இருந்தன, குறிப்புகள் இருந்தன, "இந்த எண்ணை மாற்றினால் மூன்றாம் கட்டத்து எதிரி சுவருக்குள் போய்விடும்" என்ற எச்சரிக்கை இருந்தது. வட்டில் இவற்றில் ஒன்றும் கிடையாது. இயந்திரத்துக்கான எண்கள் மட்டுமே உண்டு. ஓவியர் அடுக்கடுக்காக வரைந்த படம் 256 வண்ணத்துக்குச் சுருங்கி ஒரே தாளாக ஒட்டிக்கிடக்கும். இசைக்கருவிகள் தனித்தனித் தடங்களாக இருந்த பாட்டு ஒரே ஒலியாகக் கலந்திருக்கும். வரைபடம் அமைக்க அவர்களே எழுதிய சிறு கருவி வட்டில் ஏறவே ஏறியிருக்காது. வாங்குபவருக்கு அது எதற்கு?

இதைச் சொன்னால் உடனே ஒருவர் சூப்பர் மரியோ 64-ஐ எடுத்துக்காட்டுவார். 1996-இல் வந்த அந்த கேமை ரசிகர்கள் வெறும் இயந்திர நிரலிலிருந்தே திரும்ப எழுதவில்லையா என்பார். எழுதினார்கள், மறுக்கவில்லை. அமெரிக்கப் பதிப்பு வேகத்துக்காக இறுக்கப்படாமல் இயந்திர நிரலாக மாற்றப்பட்டிருந்ததால் அவர்கள் வேலை கொஞ்சம் எளிதானது. அப்படியிருந்தும் பலர் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி உழைத்தார்கள், பெரும்பாலான பெயர்களை அவர்களே சூட்ட வேண்டியிருந்தது. உலகமே அறிந்த கேமுக்கு அந்தக் கூட்டம் கூடியது. ஆர்வலர்கள் தாங்களே செய்ததை விற்கும் கோமிக்கெட் சந்தையில் சில நூறு பிரதி விற்ற உங்கள் கேமுக்கு யார் வருவார்கள்?

ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000 அக்டோபரிலிருந்து கேம்களையும் சேகரிக்கிறதே என்பது இன்னொரு ஆறுதல். நல்ல சட்டம்தான். ஆனால் அங்கே போவதும் அதே பெட்டி.

பெரிய நிறுவனங்களும் தவறியிருக்கின்றன. 2002-இல் வந்த கிங்டம் ஹார்ட்ஸின் மூலத்தரவுகள் தொலைந்துபோனதால், 2013 உயர்தெளிவுப் பதிப்புக்காக விற்பனையான கேமைத் தோண்டி எடுத்து, பலவற்றைப் புதிதாகச் செய்ய நேர்ந்ததாக அதை உருவாக்கியவர்களே சொன்னார்கள். அவர்களிடம் மறுபடி செய்ய ஆளும் பணமும் இருந்தது. சிறிய ஸ்டூடியோ எங்கே போகும்? டைசுகே அமாயா ஐந்து ஆண்டுகள் தனியொருவராக உழைத்து 2004-இல் 'கேவ் ஸ்டோரி'யை வெளியிட்டார். நெல் நட்டு அறுவடை செய்யும் 'சகுனா' கேம், எடெல்வைஸ் என்ற குழுவில் இரண்டு பேரை மையமாகக் கொண்டு பல ஆண்டுகள் வளர்ந்து 2020 நவம்பரில் வந்தது. இத்தகைய இடங்களில் ஆவணக் காப்பாளர் என்று யாரும் இருப்பதில்லை. நிரல் எழுதுபவரே கணக்கும் பார்க்கிறார், பார்சலும் ஒட்டுகிறார்.

அந்த ஒரு கேம்தான் அவர்களுக்கு ஓய்வூதியம். ட்ரெஷர் நிறுவனத்தின் 'இகாருகா'வைப் பாருங்கள். 2001-இல் ஆர்கேடில் வந்தது, 2002-இல் டிரீம்காஸ்ட் கருவியில், 2014-இல் ஸ்டீம் இணையக் கடையில், 2018-இல் ஸ்விட்ச் கருவியில். ஒரு கேம் இத்தனை முறை பிறக்கலாம்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ஜப்பானில் 'மாஸ்டர் அப்' என்பார்கள், கடைசி வடிவத்தை ஒப்படைக்கும் நாள். அன்றிரவு எல்லோரும் தூங்கப் போகிறார்கள், மறுநாள் யாருக்கும் எதுவும் நினைவிருப்பதில்லை. எனவே அன்றே நகல் எடுத்துவிடுங்கள், தூங்குவதற்கு முன். மூன்று நகல்கள் வேண்டும், இரண்டு வகைச் சாதனங்களில். ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும், பெற்றோர் வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பினாலும் போதும். 1995-இல் கோபேயிலும் 2011-இல் வடகிழக்கிலும் நிலநடுக்கங்களைப் பார்த்த நாட்டில் இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இணையக் கோப்புறை தானாக ஒத்திசைவதை நகல் என்று எண்ணாதீர்கள்: நீங்கள் தவறி அழித்தால் அதுவும் பணிவோடு அழித்துவிடும். எஸ்.எஸ்.டி.யை இழுப்பறையில் போட்டு மறந்துவிடாதீர்கள், மின்சாரம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் தரவு கரையும்.

நிரலை மட்டும் வைத்தால் போதாது, அதைத் தொகுத்த கணினியின் முழு நகலையும் வையுங்கள். மூலநிரலை இயந்திர நிரலாக மாற்றும் அந்தக் காலத்துத் தொகுப்பி எந்தப் பதிப்பு என்று தெரியாமல் நான் தடுமாறிய வாரங்கள் கொஞ்சமல்ல. எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை, எது என்றும் எழுதி வையுங்கள். பழைய ஜப்பானிய நிரல்கள் ஷிஃப்ட் ஜிஸ் முறையில் இருக்கும். அதில் 'கினோ' என்ற சொல்லின் கடைசி எழுத்தினுடைய இரண்டாம் பைட், பின்சாய்வுக் கோட்டின் எண்ணேதான். குறிப்பு வரி அந்தச் சொல்லில் முடிந்தால், குறியாக்கத்தை அறியாத தொகுப்பி அதை 'வரி இன்னும் தொடர்கிறது' என்ற அடையாளமாக எடுத்துக்கொண்டு, அடுத்த வரியையும் குறிப்பு என்று விழுங்கிவிடும். பிழைச் செய்தி வராது. கேம் ஓடும், ஆனால் ஒரு கதவு மட்டும் திறக்காது. அந்தக் கதவுக்காக நான் நான்கு நாட்கள் செலவழித்திருக்கிறேன்.

பிறருக்காகச் செய்யும் கேமில், மூலநிரலை யார் காப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள். வெளியீட்டாளரிடம் இருக்கும் என்று ஸ்டூடியோவும், ஸ்டூடியோவிடம் இருக்கும் என்று வெளியீட்டாளரும் நம்பியே எத்தனை கேம்கள் போய்விட்டன! கேம் உருவாக்குவதற்காக இரவல் வந்த இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் வன்தட்டைப் பாருங்கள்.

பழைய சாதனங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து உடனே இயக்கிச் சோதிக்காதீர்கள். பிளாப்பி வட்டின் சிறு கதவை நகர்த்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தால் அது மழைக்காலத்துப் பூஞ்சை. அதை டிரைவில் போட்டால் மேற்பூச்சு வட்டமாகச் சுரண்டப்படும், அடுத்து போடும் வட்டும் கெடும். டக் டக் என்று ஒலிக்கும் வன்தட்டுக்கு மறுபடி மின்சாரம் கொடுக்காதீர்கள். டோக்கியோவில் 2011 முதல் கேம் பாதுகாப்புச் சங்கம் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இயங்குகிறது. பழைய பிளாப்பிகளைக் காந்தப் பதிவு நிலையிலேயே படித்துக் காப்பவர்கள் அவர்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஒசாகா நிறுவனர் அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். படுக்கை வைக்கும் ஒஷிரே அலமாரியின் அடியில் பிஸ்கட் டின் ஒன்று கிடைத்திருக்கிறது. உள்ளே முப்பத்தொரு எம்.ஓ. வட்டுகள் (காந்தமும் லேசரும் சேர்ந்து பதியும் பழைய வகை), ஒவ்வொன்றும் 230 மெகாபைட், பென்சிலில் தேதி எழுதியவை. எம்.ஓ. வட்டு பிடிவாதமாகத் தாக்குப்பிடிக்கும், படிக்கும் டிரைவ்தான் அருகிவிட்டது. என்னிடம் ஒன்று வேலை செய்கிறது. இதுவரை பத்தொன்பது வட்டுகளைப் படித்துவிட்டேன். வரைபடத் தரவு முழுமையாக வந்துவிட்டது, அந்தச் சிறு கருவியும் கூடவே இருக்கிறது. நிரல் இன்னும் வரவில்லை. மீதி பன்னிரண்டு வட்டுகள் மேசையில் இருக்கின்றன. தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் அழைக்கிறார்.